நாலாவது விசில்

கமலவேணி வீட்டில் காலை ஏழரைக்குக் குக்கர் முதல் விசில் அடிக்கும்போது எந்த நாயும் தலையைத் தூக்காது. இரண்டாவதுக்கு ஒன்றிரண்டு காதுகள் திரும்பும். மூன்றாவதுக்கு எல்லாம் எழுந்து சோம்பல் முறிக்கும். நாலாவது விசிலின் ஆவி அடங்குவதற்குள் ஆறு நாய்களும் சமையலறைப் பின்வாசலுக்கு வெளியே, அதனதன் இடத்தில், ஒரு முழம் இடைவெளி விட்டு, வரிசையாக உட்கார்ந்திருக்கும். குரைப்பு இல்லை, இடிபாடு இல்லை. பால் சொசைட்டியில்கூட அப்படி ஒரு வரிசையைப் பாகூரில் யாரும் பார்த்ததில்லை.

உட்கார்ந்த உடனே சோறு வந்துவிடாது. நொய்யும் கோழிக் கழுத்தும் பூசணியும் மஞ்சளும் சேர்ந்து வெந்ததை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, மேசை விசிறி முன்னால் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் ஆறும் அசையாது. எச்சில் மட்டும் ஒழுகும்.

இந்த ஒழுங்கை யாரும் புத்தகம் படித்துக் கொண்டுவரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய்வரும் மகள் தீபிகா, வண்டியில் அடிபட்ட ஒரு நாயை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். "பத்து நாள்தாம்மா" என்றாள். பத்து நாளில் அது தேறியது. அதற்குள் இன்னும் இரண்டு வந்து சேர்ந்துவிட்டன. தீபிகாவும் அவள் தோழிகளும் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை மீட்க ஒரு குழு வைத்திருந்தார்கள். வைத்தியம் முடிந்த நாய்கள் தேறும்வரை தங்க ஒரு வீடு வேண்டும். தேறியதும் நல்லவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த வீடு கமலவேணியின் வீடு என்று யார் முடிவு செய்தது என்பது இன்றுவரை தெரியவில்லை.

கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே தனியாக நிற்கும் ஓட்டு வீடு அது. அடுத்த வீட்டுக்குப் போக நான்கு வரப்பு தாண்ட வேண்டும். கணவர் சிங்காரவேலு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "ஆறுக்கு மேல ஒன்னு வந்தாலும் நான் மோட்டார் கொட்டாயில போயி இருந்துக்குவேன்." இதுவரை மூன்று முறை மோட்டார் கொட்டகைக்குக் குடிபோயிருக்கிறார்.

ஆரம்பத்தில் சாப்பாட்டு வேளை என்றால் ஒரே ரகளை. ஒன்றின் தட்டில் இன்னொன்று வாய் வைக்கும், மூன்றாவது தட்டையே தூக்கிக்கொண்டு கரும்புக்குள் ஓடும். கமலவேணி கத்திப் பார்த்தாள், துடைப்பத்தைக் காட்டிப் பார்த்தாள். பிறகு சும்மா நின்று கவனித்தாள். கவனிப்பதில் அவள் கெட்டிக்காரி. தோகையைப் பார்த்தே கரும்புக்குத் தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். நாலாவது விசிலில் அடுப்பை அணைப்பது அவள் வழக்கம். நாய்கள் அதைத் தாமாகவே எண்ணிக் கண்டுபிடித்து வைத்திருந்தன. அவை கண்டுபிடித்ததை அவள் சட்டமாக்கினாள், அவ்வளவுதான். நாலாவது விசிலுக்கு உட்கார்ந்தவனுக்குத்தான் சோறு. எட்டே நாளில் சண்டை நின்றது.

அப்புறம் அதுவே பெருமை ஆகிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் செல்லக்கண்ணு, நாய் என்றாலே வரப்பு மாறி நடப்பவர், தன் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைக் கூட்டி வந்து தூரத்தில் நிறுத்திக் காட்டுவார். "பாத்தியா, இன்னா படிப்பு! எம் மச்சானை இப்பிடி ஒரு எடத்துல குந்த வெக்க முடியுமா?" என்பார். கமலவேணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் அன்றைக்கு நொய்யில் ஒரு கை கோழி கூடும்.

டப்பா இந்த வரிசையில் முதல் ஆள். பனித்திட்டில், படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணலில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தலை மாட்டிக்கொண்டு கண்டதில் எல்லாம் முட்டித் திரிந்தவனைப் பிடித்து வந்தார்கள். டப்பாவைக் கழற்ற முடிந்தது, பெயரைக் கழற்ற முடியவில்லை. தவிட்டு நிறம், குட்டைக் கால்கள். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மறுகாது மடிந்திருக்கும். யாரைப் பார்த்தாலும் வாலை மட்டும் ஆட்ட அவனுக்குத் தெரியாது. பின்பாதி உடம்பு மொத்தமும் ஆடும். விசில் எண்ணுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவன் இரண்டு வீடுகளுக்குப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்தான். "வூடு தங்க மாட்டுதுங்க" என்றார் முதல் வீட்டுக்காரர். "காலையில கதவத் தெறந்தா ஊர் சுத்தப் போயிடுது" என்றாள் இரண்டாவது வீட்டுக்காரி. வெளியே அனுப்பிய நாய்கள் எங்கே யாரிடம் இருக்கின்றன என்று கமலவேணி ஒரு நோட்டு எழுதி வருகிறாள். அந்த இருவர் பெயரையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'வளர்க்கத் தெரியாதவர்கள்' என்று எழுதி வைத்தாள். இருந்தாலும் கவலை வந்துவிட்டது. ஒரு முறை திரும்பின நாயை நான்கு பேர் கேட்பார்கள். இரண்டு முறை என்றால் ஒருவர் கேட்பார். மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் அப்புறம் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ஒருவராக வந்தவர்கள்தான் வில்லியனூர் மணிவண்ணனும் அவர் மனைவி கல்பனாவும். கடைத்தெருவில் மளிகைக் கடை. மகளைத் திருமணம் செய்து அனுப்பிய பிறகு வீடு வெறிச்சென்று இருப்பதாகச் சொன்னார்கள். கமலவேணி அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். வீட்டில் யாருக்கு முன்கோபம்? மாடிக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? மணிவண்ணன் எடை போடுவதைப் போல நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியில் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். நாலாவது விசில் அடித்தது. டப்பா வந்து உட்கார்ந்ததைப் பார்த்துக் கல்பனா கை தட்டிக் குதித்தாள்.

"இதே மாதிரி எங்க வூட்லயும் குந்துவானாக்கா?"

"குக்கர் இருந்தா குந்துவான்" என்றாள் கமலவேணி, கொஞ்சம் மிதப்பாக.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை கல்பனாவிடமிருந்து போன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, டப்பா ரொம்ப நல்ல பையன்க்கா. ஆனா எல்லார் வூட்டுக்கும் போயிடுறான்."

"எல்லார் வூட்டுக்கும்னா?"

"எந்த வூட்ல விசில் அடிச்சாலும் போயிடுறான்க்கா."

கமலவேணி அரிந்துகொண்டிருந்த பூசணியைக் கீழே வைத்தாள்.

கல்பனா குடியிருக்கும் தெருவில் பதினோரு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டினவை. காலையில் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை பதினோரு குக்கர்களும் கூவும். எந்த வீட்டில் நாலாவது விசில் அடிக்கிறதோ அந்த வீட்டு வாசலில் டப்பா போய் உட்கார்ந்துவிடுவான். குரைக்க மாட்டான், உள்ளே எட்டிப் பார்க்க மாட்டான். இருபது நிமிடம் பொறுமையாக இருந்து பார்த்துவிட்டு, சோறு வராவிட்டால் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த வாசலுக்குப் போவான். ஸ்கூல் பிள்ளைகள் அவனைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். ஒரு வீட்டில் இட்லி போட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றி விரட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டில் இருப்பவர் கனகாம்பாள். எழுபது தாண்டியவர், தனி ஆள், கல்பனா குடியிருக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர். தினமும் விடியற்காலையில் குனிந்து அரைமணி நேரம் கோலம் போடுகிறவர். அவர் வீட்டு நாலாவது விசிலுக்கு டப்பா சரியாகக் கோலத்தின் நடுவில் போய் உட்காருகிறான்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நாய அனுப்பிடணுமாம்க்கா. இல்லாட்டி வூட்டக் காலி பண்ணணுமாம். இவரு, நாயத் திருப்பிக் குடுத்துடலாம்னு சொல்றாரு. எனக்கு மனசே இல்லக்கா."

போனை வைத்துவிட்டுக் கமலவேணி வெகுநேரம் குக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு தங்க மாட்டுது. காலையில் ஊர் சுற்றப் போய்விடுகிறது. சிவப்பு மை அடித்த அந்த இரண்டு வீடுகளும் இப்படிச் சுவரோடு சுவர் ஒட்டினவைதான். டப்பா ஊர் சுற்றவே இல்லை. சாப்பாட்டுக்கு உட்காரப் போயிருக்கிறான். அவன் இரண்டு வீடு இழந்தது அவள் போட்ட சட்டத்தால்தான். கரும்புக்கு நடுவே ஒற்றைக் குக்கர் கூவும் வீட்டில் இருந்துகொண்டு, ஊர் முழுக்கக் குக்கர் இருக்கிறது என்பதை மூன்று வருடமாக அவள் நினைத்தே பார்க்கவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நோட்டைப் பிரித்தாள். இருபத்தாறு நாய்கள்.

முதலில் அந்த இரண்டு சிவப்பு மைக்காரர்களுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு மணப்பட்டுக்குப் போட்டாள். எடுத்தவள் செல்வகுமாரி. "எங்க வூட்லயும் அப்பிடித்தான் அக்கா. நம்ம வூட்ல துன்னுட்டு எதிர் வூட்டு விசிலுக்கு அங்க போயி குந்திடும். அவங்க மீன் தல போடுவாங்க. நாங்க, ரொம்ப மரியாதையான நாய், நாலு வூட்ட மதிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கோம்" என்றாள். நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "படி ஏற முடியல" என்றாள்.

ஏம்பலத்தில் அரிகரன் வீடு. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாங்க மூணாவது விசில்லயே எறக்கிடுறோம்மா. நாலு வுட்டா எங்க ஓடிடுமோன்னு பயம். ஆறு மாசமா வூட்ல வேகாத பருப்புதான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"நீங்க பெருமையா சொல்லிக் குடுத்தீங்க. எப்பிடி கொற சொல்றது?"

ஒன்பதாவது போனில் தீபிகா கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டவள், பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மா, ரெண்டு கம்யூன் ஊருங்க பூரா நம்ம பசங்கதான் மா, வாசல் வாசலா குந்திக்கினு இருக்கானுங்க!" கமலவேணி அவள் தலையில் நோட்டால் ஒரு போடு போட்டாள். அப்புறம் அவளுக்கும் அடக்க முடியவில்லை. அம்மாவும் மகளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததைப் பார்த்து, வீட்டில் இருந்த ஐந்து நாய்களும் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து குதித்தன.

மறுநாள் வியாழக்கிழமை, நான்கு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சோற்றுப் பொறுப்பு சிங்காரவேலுவுக்கு. "தீபிகா ஏழு மணிக்கே பஸ் ஏறிடுவா. நீங்கதான் பாக்கணும். கழுத்துத் துண்டு ஆறு, நொய் ரெண்டு படி, உப்பு போடவே கூடாது" என்று மூன்று முறை சொன்னாள். "முப்பது காணிக்குத் தண்ணி கட்டுறவனுக்கு இது ஒரு வேலையா?" என்றார் அவர். அவருக்கு இருப்பது மூன்று காணி. கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் மாறி அவள் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது டப்பா பின்பாதியை ஆட்டிய ஆட்டத்தில் கால் தடுக்கி விழுந்தான்.

அன்று மாலை கல்பனாவிடம் தன் கணக்கைச் சொன்னாள். விசில் என்பது சுவர் தாண்டி வரும் சத்தம். தட்டைத் தட்டினாலும் அப்படித்தான். மணி அடித்தால் கோயில் மணி, பூஜை மணி எல்லாம் குறுக்கே வரும். இந்த வீட்டுக்குள் மட்டும் கேட்கிற ஒரு சத்தம் வேண்டும். யோசித்து யோசித்து, விரல் முட்டியால் தரையில் இரண்டு தட்டு என்று முடிவு செய்தாள். இனி டப்பாவுக்குக் குக்கர் சோறு கிடையாது. சட்டியில் வடித்த சோறுதான். அதுவும் எந்த வீட்டிலும் குக்கர் ஏறாத நேரத்தில், ஒன்பதரைக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. விசில் நேரம் முழுக்க அவன் கயிறு தன் கையில்.

வெள்ளிக்கிழமை காலை, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்தாள். கையில் ஒரு பழைய காலண்டர் தாள். எந்த வீட்டுக் குக்கர் எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று அதன் பின்பக்கத்தில் குறித்தாள். அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூன்று வீட்டு விசில்கள் ஒன்றோடொன்று கலந்து அடித்தாலும் டப்பா எண்ணிக்கை தப்பவில்லை. மூன்றாம் வீட்டுக் குக்கர் கீச்சென்று அடிக்கும். கோடி வீட்டுக் குக்கர் பெருமூச்சு விடும். கனகாம்பாள் வீட்டுக் குக்கர் தொண்டை கட்டினதுபோல் கரகரவென்று இழுக்கும். ஒவ்வொன்றையும் அவன் தனித்தனியாக எண்ணினான். தன் நாயின் மூளையை நினைத்து அவளுக்குப் புல்லரித்தது. இந்த மூளையை இனி எப்படி மாற்றுவது என்று நினைத்தபோது அதே புல்லரிப்பு பயமாக மாறியது.

கரகரக் குக்கர் நாலாவது விசிலை இழுத்தது. டப்பா கிளம்பினான். குட்டைக் காலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு வாசற்படி தாண்டித் தெருவுக்கு வந்து, கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றாள்.

வாசலில் நின்றிருந்த கனகாம்பாள் மேலும் கீழும் பார்த்தார். உள்ளே டிவி தெருக்கோடிக்குக் கேட்கும் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு இது, நாய் கட்டி இழுத்துக்கினு வர்ற பொம்பள?"

"நான்தாம்மா இத வளத்தவ. பாகூரு."

"சத்தமா சொல்லு!"

"பாகூரு! நான்தான் வளத்தேன்!"

"நல்லா வளத்த. எங் கோலத்து மேலதான் குந்தணும்னு சொல்லி வளத்தியா?"

"நாலு விசிலுக்குக் குந்துன்னு சொன்னேம்மா. எங்க குந்தணும்னு சொல்லாம வுட்டுட்டேன்."

"நாலு விசிலா? இது இன்னா நாயா, ரயில்வே கார்டா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கமலவேணி எழுந்து பின்பக்கப் புடவையைத் தட்டிக்கொண்டாள்.

அன்று காலையே இன்னொரு சோதனை வந்தது. எட்டு மணிக்குச் சிங்காரவேலு போன் செய்தார். குரலில் முப்பது காணி இல்லை.

"கமலா, குக்கரு விசிலே போட மாட்டுது."

"மூடியில ரப்பர் போட்டீங்களா?"

"எந்த ரப்பரு?"

ரப்பர் வளையம் தொட்டியில் கழுவப்போட்ட இடத்திலேயே கிடந்தது. விசில் அடிக்காமலே சோறு குழைந்து வெந்துவிட்டது. தட்டில் போட்டு ஆற்றியும் ஆயிற்று. ஆனால் ஐந்து நாய்களும் வேப்பமரத்தடியில் படுத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் எழுந்து வரவில்லை. விசில் அடிக்காமல் சோறு எடுப்பது அவற்றுக்குத் திருட்டு.

"நானே விசில் அடிச்சி பாத்துட்டேன்."

"நீங்களா? எப்பிடி?"

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்னு" என்றார் சிங்காரவேலு. "நாலு வாட்டி அடிச்சேன். ஒன்னை ஒன்னு பாத்துக்குதுங்க. செல்லக்கண்ணு வேற வரப்புல நின்னு பாத்துட்டான். ஊர் பூரா சொல்லிடுவான்."

கல்பனா வீட்டு அடுப்பில் அப்போதுதான் குக்கர் ஏறியிருந்தது. கமலவேணி போனைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நீட்டினாள். அந்தப் பக்கம் சிங்காரவேலு ஒலியைக் கூட்டி நாய்களுக்கு நேராகப் பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. "வருதுங்க! கமலா, வருதுங்க! எல்லாம் குந்திடுச்சி!" என்று போனில் கூத்தாடினார். இந்தப் பக்கம் டப்பாவும் சமையலறை வாசலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவளை நன்றியோடு பார்த்தான். காலையிலிருந்து கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் மொத்தமும் போயிற்று. கல்பனா சிரித்த சிரிப்பில் கரண்டி நழுவிச் சாம்பாரில் விழுந்தது.

ஆனால் கமலவேணி விடவில்லை. பகலெல்லாம் தரையில் தட்டித் தட்டி விரல் முட்டி கன்றிவிட்டது. தட்டு இரண்டு, ஒரு வாய் சோறு. தட்டு இரண்டு, ஒரு வாய் சோறு. விசில் நேரத்தில் எழுந்தால் ஒன்றும் இல்லை. திட்டும் இல்லை, அடியும் இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாள், மூன்றாம் வீட்டு நாலாவது விசிலுக்கு டப்பா எழுந்து, யோசித்து, உட்கார்ந்தான். கோடி வீட்டு விசிலுக்கு எழவே இல்லை. கடைசியாகக் கரகரக் குக்கர் நாலாவதை இழுத்தது. டப்பாவின் நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்தது. கமலவேணி கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், அப்புறம் மோவாயை அவள் பாதத்தின்மேல் வைத்துப் படுத்துவிட்டான்.

கல்பனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஆடினாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மணிவண்ணன், "ஒரு நாள வெச்சி சொல்ல முடியாது. நாளைக்கும் பாக்கலாம்" என்றார். ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து டப்பாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கயிறு இல்லை. கதவு திறந்தே இருந்தது. கனகாம்பாளின் கோலத்தில் ஒரு கோடுகூடக் கலையவில்லை. பதினோரு குக்கர்களும் ஒவ்வொன்றாக அடித்து ஓய, டப்பா மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தான். "இனிமே யாரு இன்னா சொல்ல முடியும்?" என்று கல்பனா சொல்லி வாய் மூடவில்லை, கருகல் வாடை வந்தது. சுவர் தாண்டிப் புகை வந்தது.

நான்கு பேரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். நாலாவது ஆள் டப்பா. கூடத்தில் டிவி முழங்கிக்கொண்டிருந்தது. அதன் எதிரே நாற்காலியில் கனகாம்பாள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சமையலறையில் குக்கர் ஒன்பதாவதோ பத்தாவதோ விசிலைத் தீய்ந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்தது. மணிவண்ணன் போய் அடுப்பை அணைத்தார். பருப்பு இருந்த இடத்தில் தார் இருந்தது.

கனகாம்பாள் குக்கரைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார்.

"ஏன்டா நீ வரல?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"உன்னைத்தான்டா! பத்து நாளா வந்தியே, இன்னைக்கு இன்னா கேடு?"

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கனகாம்பாளுக்கு விசில் சத்தம் சரியாகக் காதில் விழுவதில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மனம் இல்லை. வெளியூரில் இருக்கும் மகன் மூன்று குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டான். இரண்டு தீய்ந்து போயின. டப்பா இந்தத் தெருவுக்கு வந்த பிறகு ஒருநாள்கூடப் பருப்பு தீயவில்லை. நேற்று அவன் வராதபோதும், அவர் அடுப்புக்கு எதிரிலேயே நின்றிருந்ததால் தப்பித்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். நாய் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய் அடுப்பை அணைப்பார். அப்படியே வாசலுக்கு வந்து கோலத்தைக் காட்டி நாயைத் திட்டுவார்.

"நீங்கதானே பெரிம்மா ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பிடணும்னு சொன்னீங்க?" என்று கல்பனா அவர் காதருகே கத்தினாள்.

"கோலத்துல குந்துதுன்னு சொன்னேன். வர வாணாம்னு சொன்னேனா?"

"வூட்ட காலி பண்ண சொன்னீங்களே!"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அதுக்காகப் பாகூருலருந்து ஆளக் கூட்டியாந்து, இருக்கற புத்திய எடுத்து வுட்டுடுவீங்களா? யம்மா, நீதானே கெடுத்த? நீயே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ."

கமலவேணிக்குக் கோபம் வரவேண்டும். விரல் முட்டிகள் கன்றிப் போயிருந்தன. ஆனால் தீய்ந்த குக்கரையும், கையை இடுப்பில் வைத்து நிற்கும் கனகாம்பாளையும், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் டப்பாவையும் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று டப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வேலை இன்னும் இரண்டு நாள் எடுத்தது. பதினோரு குக்கரில் பத்தை மறக்க வேண்டும், ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வேறு நாயாக இருந்தால் அவள் முயன்றிருக்க மாட்டாள். குக்கருக்குக் குக்கர் குரல் பிரித்து எண்ணுகிறவனுக்கு அது பெரிய காரியமில்லை. கரகர விசில் நாலு என்றால் மட்டும் கனகாம்பாள் கையால் அரை இட்லி. மற்ற எந்த வீட்டிலும் யாரும் ஒன்றும் போடக்கூடாது என்று கமலவேணி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். உட்காரும் இடத்துக்கு ஒரு சாக்கை மடித்து, படிக்கு இடதுபக்கம், கோலம் தொடாத இடத்தில் போட்டாள். சாக்கு கோணலாக இருப்பதாகக் கனகாம்பாள் இரண்டு முறை மாற்றிப் போடச் சொன்னார்.

இடையில் சிங்காரவேலு போன் செய்து, எப்போது வருவாய் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றாள். "அப்ப நான் மோட்டார் கொட்டாய்க்குப் போறேன்" என்றார். நாய்கள் என்ன ஆவது என்றதற்கு, "அதுங்களும் கெளம்பி நிக்குதுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை தெருவில் ஐந்தாறு வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். மூன்றாம் வீட்டுக் குக்கர் கீச்சிட்டது; டப்பா அசையவில்லை. கோடி வீட்டுக் குக்கர் பெருமூச்சு விட்டது, கொட்டாவி விட்டான். கரகரக் குக்கர் நாலாவதை இழுத்தபோது எழுந்து, அவசரமில்லாமல் நடந்து, சாக்கின் நடுவில் போய் உட்கார்ந்தான். கனகாம்பாள் உள்ளே எழுந்து போவது தெரிந்தது. விசில் நின்றது. தெருவே கை தட்டியது. டப்பா உட்கார்ந்த இடத்திலேயே பின்பாதியை ஆட்டியதில் சாக்கு நகர்ந்தது.

கிளம்பும் முன் கமலவேணி பையிலிருந்து நாயை ஒப்படைக்கும் தாளை எடுத்தாள். வியாழக்கிழமை அவள் நீட்டியபோது, ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கலாம் என்று மணிவண்ணன் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்த தாள் அது. இப்போது அவர் பேனாவை எடுத்தார். கனகாம்பாள் கையை நீட்டித் தடுத்தார்.

"எம் பேரையும் எழுது."

"ஒருத்தர் பேருதாம்மா எழுதணும்" என்று கமலவேணி கத்தினாள்.

"எழுதுன்னா எழுது. நாளைக்கு இவங்க வூடு மாத்திக்கினு போனா, நாயையும் ஓட்டிக்கினு பூடுவாங்க. இவங்க போறதுன்னா போவட்டும். யாரு தடுத்தா? நாய் இங்கதான் இருக்கும்."

"நாங்க எங்கயும் போவல பெரிம்மா!" என்றாள் கல்பனா.

"இப்ப சொல்லுவ."

மணிவண்ணன் தன் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தாளை நகர்த்தி வைத்தார். கமலவேணி அந்த இடத்தில் 'கனகாம்பாள்' என்று எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போய், "வயசு எவ்ளோம்மா?" என்று கேட்டாள்.

இவ்வளவு நேரம் கத்திக் கத்திச் சொன்னால்தான் கேட்டது. இது மெதுவாகக் கேட்டும் கனகாம்பாள் காதில் தெளிவாக விழுந்தது.

"நாய்க்கு எதுக்குடி எம் வயசு?" என்றார். "அறுபதுன்னு போடு."